நூற்றுக்கு ஆறு பேர் கூடியிருக்கிறார்கள். அவர்கள் எந்தத் தெரு?

என் பெரியம்மா கோவையில் தெருக் கூட்டுகிறார். அரசு வைத்த பெயர் 'தூய்மைப் பணியாளர்'. பெயரை மாற்ற ஒரு ஆணை போதுமாக இருந்தது. சம்பளத்தை மாற்ற எத்தனை ஆணை வேண்டுமோ தெரியவில்லை. அவருக்கு வயது 52. சர்க்கரை நோய் என்று தெரிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

அவருக்கு மாத்திரை வீடு தேடி வருகிறது. மாதம் தவறுவதில்லை. கொண்டுவரும் அக்கா நல்லவர், வந்தால் ஒரு வாய் டீ குடித்துவிட்டுத்தான் போவார். ஆனால் பெரியம்மாவின் தகர டப்பாவைத் திறந்து பார்த்தபோது அதில் பிரிக்காத அட்டைகள் அடுக்கி வைத்ததுபோலக் கிடந்தன. ஏன் என்று கேட்டேன்.

"பிரசர் மாத்தர ஒண்ணுக்கு இழுக்குதுங் கண்ணு. சர்க்கர மாத்தர வயித்தக் கலக்குது. அஞ்சர மணிக்கு நான் ரோட்டுல நிக்கறேன். எங்க போயி ஒதுங்கறது, சொல்லு?"

என்னிடம் பதில் இல்லை. இன்னொரு மாத்திரையைப் பற்றியும் சொன்னார். அதை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு போன ஒரு நாள் உடம்பெல்லாம் வேர்த்து, கண் இருட்டி, துடைப்பத்தோடு சாக்கடை ஓரம் உட்கார்ந்துவிட்டாராம். வந்த மேஸ்திரி, "காலங்காத்தாலயே ஊத்திட்டு வந்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார். சர்க்கரை தாழ்ந்து மயங்குகிறவர் பார்ப்பதற்குக் குடித்தவர் போலத்தான் இருப்பார். எங்கள் தெருக்காரர் என்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை.

அரசின் கணக்கில் பெரியம்மா ஒரு பயனாளி. இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2022 டிசம்பர் முடிவதற்குள் 1 கோடியாவது பயனாளிக்கு முதலமைச்சர் கையால் மருந்துப் பெட்டி கொடுத்தார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அவையின் விருதும் கிடைத்தது. நான் இந்தத் திட்டத்துக்கு எதிரி அல்ல. கூலியை விட்டுவிட்டு அரசு மருத்துவமனை வரிசையில் நின்ற ஒருவரின் பிள்ளைக்கு வாசலில் வரும் மாத்திரையின் அருமை தெரியும். தமிழ்நாடு துணிந்து ஒரு பெரிய காரியத்தைச் செய்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் மாத்திரைப் பெட்டியை எண்ணுவதும் நோய் அடங்கியதை எண்ணுவதும் ஒன்றல்ல. அதை அரசே தன் ஆய்வில் காட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தமிழ்நாட்டில் 2020-இல் நடந்த 'ஸ்டெப்ஸ்' ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு. 2023-24-இல் நடந்த இரண்டாம் சுற்றில் இவை முறையே 16.7 ஆகவும் 17 ஆகவும் உயர்ந்தன. இது உண்மையான முன்னேற்றம். மூன்று நான்கு ஆண்டுகளில் இப்படி ஒரு நகர்வு எளிதில் நடப்பதல்ல.

நூறு நோயாளிகளில் முன்பு பதினோரு பேர், இப்போது பதினேழு பேர். ஆறு பேர் கூடியிருக்கிறார்கள். நல்லது. அந்த ஆறு பேர் யார்? ஊர்த் தெருவா, காலனியா? குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவரா, அஞ்சரை மணிக்கு ரோட்டில் நிற்கிறவரா? செய்திகளில் ஆண்-பெண் பிரிவு பார்த்தேன், நகரம்-கிராமம் பிரிவு பார்த்தேன். அருந்ததியர் என்ற சொல்லை எங்கும் பார்க்கவில்லை.

இதைக் கேட்டால் உடனே ஒரு பதில் வரும்: "நோயில் என்ன தோழர் சாதி?" சர்க்கரைக் கிருமி என்று ஒன்று இருந்து அது சாதி பார்த்துக் கடிப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் சர்க்கரை நோய் பணக்காரர் நோய், உட்கார்ந்து தின்பவர் நோய் என்ற கதை செத்துப் பல காலம் ஆகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இந்தியாப்' ஆய்வு, 15 மாநிலங்களைப் பற்றி 2017-இல் வெளியிட்ட முடிவில், சண்டிகர், மகாராஷ்டிரா, தமிழ்நாடு ஆகிய வளர்ந்த பகுதிகளின் நகரங்களில் வசதி உள்ளவர்களைவிட வசதி இல்லாதவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம் என்று கண்டது. அதே ஆய்வு 2023-இல் நாடு முழுக்க 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. வளர்ந்த மாநிலம் என்று நாம் மார்தட்டும் அதே வளர்ச்சி, நோயை மேலிருந்து கீழே இறக்கிவிட்டிருக்கிறது. தமிழ்நாட்டு நகரத்தில் வசதி இல்லாதவர் எந்தச் சாதி, எந்தக் குடியிருப்பு என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

இன்னொரு பதில் 'மரபணு'. "உங்க பரம்பரையிலேயே இருக்கும்" என்று பெரியம்மாவிடமும் ஒருவர் சொல்லியிருக்கிறார். பரம்பரையில் இருந்தது என்ன என்று பார்ப்போம். புனேவில் மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் பல ஆண்டுகளாகச் சொல்லி வருவது இது: சத்துக் குறைந்த தாயின் வயிற்றில் வளரும் குழந்தை எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாக இருக்கிறது; பசிக்குப் பழகிய அந்த உடல் பின்னாளில் சோறு கிடைக்கும்போது தடுமாறுகிறது. என் அம்மாயி கொங்குப் பண்ணையத்தில் ஆளாக இருந்தவர். கூலி தானியமாக வரும், வராமலும் போகும். அவர் வயிற்றில் பெரியம்மா இருந்தபோதும் களத்து வேலைக்குப் போனார். கம்பும் சோளமும் விளைந்த காட்டில் வேலை செய்தவருக்குக் கிடைத்தது பழைய களியும் நீச்சத் தண்ணியும். பிறகு ரேசன் அரிசி வந்தது, வயிறு நிறைந்தது, அந்த அரிசி எங்களைக் காப்பாற்றியது. பட்டை தீட்டிய வெள்ளை அரிசி மட்டுமே மூன்று வேளையும் தட்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பின்னர் தெரிந்துகொண்டோம். 2023-இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேசன் கடைகளில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பும் சோளமும் ஒரு காலத்தில் தின்று வளர்ந்த கோவைக்கும் திருப்பூருக்கும் அது அப்போது வரவில்லை. இன்று ராகி மாவு ரேஸ் கோர்ஸ் பக்கத்துக் கடைகளில் 'ஆர்கானிக்' என்ற பெயரில் விற்கிறது. விலையைக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

ரேஸ் கோர்ஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. விடியற்காலையில் அங்கே போய்ப் பாருங்கள். கையில் ஓட்டத்தை அளக்கும் கடிகாரம் கட்டிக்கொண்டு ஊர்ப் பெரிய மனிதர்கள் நடக்கிறார்கள். அதே பாதையில் பெண்கள் குனிந்து கூட்டிக்கொண்டே நகர்கிறார்கள். இரண்டு தரப்பும் நடக்கத்தான் செய்கின்றன. ஒருவர் நடந்தால் சர்க்கரை குறைகிறது, இன்னொருவர் நடந்தால் கால் புண்ணாகிறது. 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கினார்கள். முகாமில் பெரியம்மாவுக்கும் அறிவுரை சொன்னார்கள்: தினமும் அரை மணி நேரம் நடங்கம்மா. எட்டு மணி நேரம் தெருவில் நடப்பவரிடம்!

காலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கும். முள் குத்தினாலும் கண்ணாடி கிழித்தாலும் தெரியாது. தெரியவரும்போது புண் சீழ் பிடித்திருக்கும். பிறகு விரல் போகும், சிலருக்குக் காலும் போகும். இதைத் தடுக்க 'பாதம் பாதுகாப்போம்' என்றே அரசு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. நல்ல பெயர். 2023 டிசம்பர் 24 அன்று திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் என்ன நடந்தது என்று இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு நினைவிருக்கும். கம்பள நாயக்கர் தெருவில் தலித்துகள் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது என்ற தடையை மீறி, சுமார் 60 பேர் செருப்பணிந்து அந்தத் தெருவில் நடந்தார்கள். 2023-இல்! தோலைப் பதப்படுத்தி, வாரறுத்து, ஊருக்கே செருப்புத் தைத்துக் கொடுத்த மக்களின் கால்கள் இவை. கொங்கு நாட்டில் ஒரு மருத்துவர் நோயாளியிடம் "வெறுங்காலோடு நடக்காதீங்க" என்று சொல்லும்போது, அந்த ஊரில் எந்தத் தெருவரை செருப்போடு போகலாம் என்று அவர் கேட்டதுண்டா? கேட்கச் சொல்லி எந்தப் படிவமாவது இருக்கிறதா?

திட்டம் மக்களைத் தேடி வருகிறது, சரி. எந்தத் தெரு வழியாக வருகிறது? தன்னார்வலர் அந்த ஊர்க்காரர். ஊர்க்காரர் என்றால் அவருக்கும் ஒரு தெரு இருக்கிறது, சாதி இருக்கிறது. பெயர் சொல்ல விரும்பாத ஒரு கிராமத்தில் நான் நேரில் பார்த்தேன். ஊர்த் தெருவிலிருந்து வந்த தன்னார்வலர் காலனிக்குள் வரவில்லை. தண்ணீர்த் தொட்டி அருகே நின்றுகொண்டு ஒரு சிறுவனை அனுப்பி எல்லோரையும் வரச் சொன்னார். நடக்க முடிந்தவர்கள் வந்தார்கள். முடியாதவர்களுக்காகத்தானே இந்தத் திட்டம்! இன்னோர் ஊரில் காலனியைச் சேர்ந்த தன்னார்வலர், ஊர்த் தெருவில் மாத்திரையைத் திண்ணையில் வைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்ட வேண்டும், கட்ட விடுவதில்லை. "போன மாசத்து அளவையே எழுதிக்கச் சொல்றாங்க" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் என்னமோ செய்தது. 2018-இல் அவிநாசிப் பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில் அருந்ததியப் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று பள்ளியை மறித்த பகுதி இது. அதே பகுதியில் தொட்டுப் பார்க்கும் மருத்துவம் மட்டும் சாதி பார்க்காமல் நடக்கும் என்று எந்த நம்பிக்கையில் விட்டுவிட்டோம்? இவ்வளவுக்கும் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது சம்பளமே அல்ல, மாதம் சில ஆயிரம் ரூபாய் 'ஊக்கத்தொகை'. சாதி அவமானத்தையும் அந்தத் தொகைக்குள்ளேயே விழுங்கிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் சிலருக்குப் பிடிக்காது. இருந்தாலும் இரண்டைச் சொல்கிறேன். அமெரிக்காவில் பூர்வகுடிகளிடம் சர்க்கரை நோய் மிக அதிகம். 1997-இல் அவர்களுக்கென்றே தனி நீரிழிவுத் திட்டம் ஒன்றை அந்நாட்டு நாடாளுமன்றம் கொண்டுவந்தது. பணம் பழங்குடிச் சமூகங்களின் கைக்குப் போனது, திட்டத்தை அவர்களே நடத்தினார்கள். 1996-க்கும் 2013-க்கும் இடையில் பூர்வகுடிகளிடையே சர்க்கரையால் சிறுநீரகம் செயலிழப்பது 54 விழுக்காடு குறைந்தது. இந்த எண்ணை அவர்களால் சொல்ல முடிகிறதே, எப்படி? அந்த மக்களைத் தனியாக எண்ணினார்கள். அதிலும் கொடுத்த மாத்திரையை விட்டுவிட்டுச் செயலிழந்த சிறுநீரகத்தை எண்ணினார்கள்.

இன்னொன்று லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. 52 முடிதிருத்தகங்களில் கருப்பின ஆண்கள் 319 பேரிடம் ரத்த அழுத்தத்துக்கான சோதனை நடத்தி 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு முடிவெட்டுபவர் அறிவுரை மட்டும் சொன்னார். இன்னொரு பிரிவினருக்கு மருந்தாளுநர் கடைக்கே வந்து மருந்தை எழுதிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவுக்கு 9 புள்ளி இறங்கியது, இரண்டாம் பிரிவுக்கு 27 புள்ளி. தங்கள் சொந்த மனிதர் இருக்கும் இடத்துக்கு மருந்தும் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி. இதை அப்படியே நம்மூருக்குக் கொண்டுவரலாம் என்று ஒரு மருத்துவ நண்பர் உற்சாகமாகச் சொன்னார். தலித்துக்கு முடிவெட்ட மறுக்கும் சலூன்கள் இருக்கும் ஊரில், எந்த நாற்காலியில் உட்கார வைத்து அழுத்தம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அவர் அதை யோசித்ததே இல்லையாம். நல்ல மனிதர்தான்.

வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இலேயே ஒன்றைச் சொன்னார்: யாருக்கு மருத்துவம் அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கும். புதிய திட்டம் எதுவும் முதலில் போய்ச் சேர்வது ஏற்கெனவே கொஞ்சம் வசதியாக இருப்பவரிடம். சராசரி உயரும், விருது வரும். அடியில் இருப்பவருக்கும் மேலே இருப்பவருக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும், கூடவும் செய்யும். சராசரியை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

ஆகவே கேட்பது எளிமையானது. அடுத்த ஸ்டெப்ஸ் சுற்றில் சாதியை எழுதுங்கள். 'பட்டியல் சாதி' என்ற ஒற்றைக் கட்டம் போதாது. அந்த ஒற்றைக் கட்டத்துக்குள் அருந்ததியர் காணாமல் போகிறார்கள் என்பதை இந்த அரசமைப்பே ஒப்புக்கொண்டுதான் 2009-இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றமும் உட்பிரிவு செல்லும் என்றது. வேலைக்கும் கல்விக்கும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அரசுக்கு, ரத்தப் பரிசோதனையில் மட்டும் ஏன் கை நடுங்குகிறது? 2025 ஏப்ரல் 30 அன்று ஒன்றிய அரசே மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியைச் சேர்ப்பதாக அறிவித்துவிட்டது. இனி 'சாதி கேட்பது பிற்போக்கு' என்ற சாக்கும் இல்லை.

ஒரு நியாயமான அச்சம் இருக்கிறது. தன்னார்வலரின் நோட்டில் நோயோடு சாதியும் சேர்ந்தால், நாளைக்கு அது எங்கே போகும்? "அந்தச் சாதிக்காரர்கள் எல்லாம் நோயாளிகள்" என்ற பேச்சு கிளம்பாதா? கிளம்பும். அதனால்தான் வீட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்கிறேன். மாதிரி ஆய்வில், பெயர் இல்லாமல், மாவட்ட அளவில் தொகுத்தால் போதும். ஊரில் யார் என்ன சாதி என்பது தன்னார்வலருக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது அரசின் அட்டவணைக்குத்தான்.

சாதியோடு வேலையையும் எழுத வேண்டும். 2024-இல் 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' வந்தது, தொழிற்சாலைக்குள் போய்ச் சோதிக்கிறார்கள். பெரியம்மாவின் தொழிற்சாலை எது? நடுரோடு. பல்லடம், சோமனூர்ப் பக்கம் நாலு தறி ஓடும் கொட்டகைக்கு யார் போவார்? செங்கல் சூளைக்கு? ஆனைகட்டி மலையடிவாரத்து இருளர் பதிகளுக்குப் போகும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. கதிர் அரிவாள் ரத்தசோகை இருக்கும் மக்களிடம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை தவறான எண்ணைக் காட்டக்கூடும். எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்பது எப்போதும் சமத்துவம் ஆகிவிடாது, சில வேளை அது வெறும் தப்புக் கணக்கு.

'பயனாளி' என்ற சொல்லை எண்ணுவதை நிறுத்தி, போன ஆண்டு எத்தனை விரல்கள் வெட்டப்பட்டன, யாருடையவை என்று எண்ணுங்கள். அறுவை நடந்தால் மருத்துவமனையில் பதிவு இருக்கும். காப்பீட்டில் நடந்தால் அங்கேயும் பதிவு இருக்கும். காலை எடுப்பதற்குக் காப்பீடு பணம் கட்டும், காலைக் காக்கும் மெத்தைச் செருப்புக்கு யார் கட்டுவார்? துப்புரவு ஒப்பந்தத்தில் இத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை, காலை ஏழு மணிக்கு உணவு இடைவேளை என்ற இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். எந்த மாத்திரையையும்விட அது பெரியம்மாவின் சர்க்கரையைக் குறைக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

நம் இயக்கங்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் செத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறோம், கூட வேண்டும். ஆனால் அதே காலனிகளில் ஒவ்வொரு வீடாக மெதுவாக இடிந்துகொண்டிருக்கும் சாவுகளுக்கு நம்மிடம் சுவரொட்டி இல்லை. அம்பேத்கரே நீரிழிவு நோயாளி. கடைசி ஆண்டுகளில் கால் வலியோடுதான் எழுதினார். டிசம்பர் 6 அன்று மாலை போடுகிறோம்; அந்தக் கூட்டத்தில் ஒரு மேசை போட்டுச் சர்க்கரை பார்க்கலாம், வருகிறவர்களின் பாதத்தைப் பார்க்கலாம் என்று போன ஆண்டு சொன்னேன். "அது என்.ஜி.ஓ. வேலை தோழர்" என்றார் ஒருவர். அவருக்கும் சர்க்கரை இருக்கிறது. இனிப்பில்லாத டீ கேட்டு வாங்கினார்.

பெரியம்மா இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். எல்லா மாத்திரையையும் மதியம் இரண்டு மணிக்கு, வேலை முடிந்து வீடு திரும்பி, சோறு தின்ற பிறகு மொத்தமாகப் போடுகிறார். அப்படிப் போடலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை. போன வாரம் அந்த அக்கா வந்தபோது நானும் வீட்டில் இருந்தேன். மாத்திரை கொடுத்தார், நோட்டில் ஒரு டிக் அடித்தார். எப்போது போடுகிறீர்கள் என்று எழுத அதில் கட்டம் இல்லை. நான் கேட்டுப் பார்த்தேன். "எனக்கும் எழுதணும்னுதான் இருக்குது தம்பி, இடம் எங்க இருக்குது?" என்று நோட்டைத் திருப்பிக் காட்டினார்.